பாறைக்குக் கொடுத்த இரண்டு தட்டு

எட்டாவது தட்டு பாறையிலிருந்து வந்தது. உலகம்மை கண்ணை மூடியிருந்தாள்.

"அப்படித்தான். எட்டும் எட்டு இடத்துல சரியா விழுந்துட்டு. இந்தா, பிடி" என்று மடியிலிருந்து கருப்பட்டித் துண்டை எடுத்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். கை லேசானது. சிரித்தபடி கண்ணைத் திறந்தாள்.

ஆவுடை பத்தடி தள்ளி முள்வேலியோரம் நின்று ஓணானைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்குள்ள வாயில போட்டுட்டு அங்க ஓடிட்டியா?"

"எதை சித்தி?"

"கருப்பட்டியை."

"நான் எங்க எடுத்தேன்? அஞ்சாவது தட்டோட எந்திரிச்சு வந்துட்டேனே."

உலகம்மை தன் கையைப் பார்த்தாள். உள்ளங்கையில் கருப்பட்டியின் ஈரம் மட்டும் வட்டமாக இருந்தது. வேலியைப் பார்த்தாள்.

"என்னைப் பாக்காதே தாயி" என்றது ஓணான். "எனக்கு எறும்புதான் தீனி. எறும்பு மொய்ச்ச கருப்பட்டியா இருந்தா யோசிச்சிருப்பேன்."

அந்தக் காலத்தில் ஓணானுக்குப் பேச்சு இருந்தது. நாள் முழுக்க வேலியில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரை ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கும். அந்தக் காலத்தில் தாளத்தின் எட்டு எண்ணிக்கையும் தட்டுகளாகவே இருந்தன. தொடையில் உள்ளங்கை எட்டு முறை விழ வேண்டும். எட்டும் ஒரே சத்தமாக, ஒரே இடைவெளியில். பாடக் கற்றுக்கொள்ளும் குழந்தைக்கு முதலில் அதுதான் பாடம். எட்டும் கைக்கு வராமல் ஒரு ஸ்வரம்கூட வாய்க்குக் கிடையாது. முதல்முறை எட்டும் பிசகாமல் விழும் நாளில், கற்றுக்கொடுப்பவர் தன் கையால் கருப்பட்டி கொடுப்பார். கொடுத்துவிட்டால் அந்தப் பிள்ளை அவருடைய பிள்ளை. பாட்டு முழுதும் வரும்வரை விரட்டவும் முடியாது, கைவிடவும் முடியாது.

ஆவுடைக்கு ஐந்து வயது. அவளுடைய அம்மா இறந்தபின் பார்த்துக்கொள்ள வந்தவள் உலகம்மை, அம்மாவின் தங்கை. ஆவுடையின் அப்பா வீரபாகு நெசவுக்காரர். வீட்டில் தறி ஓடிக்கொண்டேயிருக்கும். தறிக்கென்று ஒரு தாளம் உண்டு. அது குழந்தையின் கையைத் தன் பக்கம் இழுத்துவிடும். அதனால் வெயில் ஏறுவதற்குமுன் இருவரும் வடக்குப்பாறையின் நிழலுக்கு வந்து பாயை விரிப்பார்கள்.

பாறை எதிரொலித்தது. முதல் நாள் அது ஒரு மூச்சு தாமதித்துத் தட்டியது, எல்லாப் பாறைகளும் செய்வதுபோல. நாலைந்து நாளில் தாமதம் குறைந்தது. ஆறாம் நாள் கையும் பாறையும் ஒன்றாக விழுந்தன. உலகம்மைக்கு அது பிடித்திருந்தது. ஏழாம் நாள் பாறை முந்தியது. அப்போதும் அவள் குழந்தையைத்தான் திருத்தினாள்.

"பிந்துதே ஆவுடை. பாறையைக் கேட்டுப் படி."

இப்போது அந்தப் பேச்சு அவளுக்கு நினைவு வந்தது.

"யார் எடுத்தான்னு நீ பாத்தியா?" என்று ஓணானைக் கேட்டாள்.

ஓணான் இரண்டு முறை தலையை ஆட்டியது. அதற்கு எப்போதும் இருந்த பழக்கம்தான் அது.

"பாறையில இருக்கிற அந்த வெடிப்புக்குள்ளேயிருந்து வந்துது" என்றது. "கைன்னு சொல்ல முடியாது. கை இருக்க வேண்டிய இடம்னு சொல்லலாம். அந்த இடம் மட்டும் நீண்டு வந்து எடுத்துட்டுப் போச்சு."

"சும்மா பயமுறுத்தாதே."

"கேட்டியே, சொன்னேன்."

உலகம்மை பாயைச் சுருட்டினாள். "வா, வீட்டுக்குப் போவோம். நாளைக்குப் புதுத் துண்டு கொண்டாறேன். உனக்குத்தான்."

மறுநாள் ஆவுடை தட்டினாள். ஏழு தட்டு கேட்டது. எட்டாவதுக்குக் கை தொடையில் விழுந்தது, தொடை சிவந்தது, சத்தம் இல்லை. அதே நொடியில் பாறைக்குள் ஒரு தட்டு கேட்டது. சிறிய கை தட்டிய சத்தம் அது. மெல்லிய தொடையில், கொஞ்சம் வியர்வையோடு தட்டினால் வரும் சத்தம். உலகம்மை இன்னொரு முறை தட்டச் சொன்னாள். இந்த முறை ஆறுதான் கேட்டது.

"நான் நல்லாத்தான் அடிக்கேன் சித்தி" என்று ஆவுடை சிணுங்கினாள். "வலிக்குது பாரு."

அன்றே பாடத்தை நிறுத்திவிட்டார்கள். பாறைப் பக்கமே போகவில்லை. ஆனாலும் குறைவது நிற்கவில்லை. கையில் தொடங்கியது வாய்க்கு வந்தது. இரண்டு நாள் கழித்து, சோறு தின்றுகொண்டிருந்த ஆவுடை நிமிர்ந்து, "சித்தி" என்றாள். பிறகு உதடுகள் அசைந்தன. பிறகு "தண்ணி" என்றாள்.

"என்ன சொன்னே?"

"சித்தி…" உதடுகள் அசைந்தன. "…தண்ணி."

நடுவில் நாலைந்து சொற்கள் இருந்தன. அவள் அவற்றைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். சொல்லி முடித்த முகத்தோடு டம்ளருக்காகக் காத்திருந்தாள். உலகம்மை தண்ணீரைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டாள்.

அன்று மாலை ஆடு மேய்க்கும் பெண் ஒருத்தி அந்த வழியாகப் போனாள். "வடக்குப்பாறையில யாரோ கிடக்காங்களா?" என்று கேட்டாள். "எனக்கு, ரொம்ப, கொஞ்சம், குடுன்னு ஒரு பிள்ளை தனித்தனியா சொல்லிக்கிட்டே இருக்கு. ஒண்ணோட ஒண்ணு சேரவே மாட்டேங்குது."

உலகம்மை கணக்குப் பார்த்தாள். எட்டுக்கு மூன்றுதான் மிச்சம். எட்டுச் சொல் பேசினால் மூன்று கேட்கிறது, எட்டு அடி நடந்தால் மூன்று அடிக்குத்தான் கொலுசு ஒலிக்கிறது. அந்த மூன்றும் போய்விட்டால் இந்தப் பிள்ளை பக்கத்தில் நின்று அலறினாலும் யாருக்கும் தெரியாது.

அவள் அதை வீரபாகுவிடம் சொன்னாள். அவர் தறியை நிறுத்தாமல் கேட்டார்.

"தொண்டை கட்டியிருக்கும். மிளகுப்பால் கொடு."

"கொலுசுக்குமா அத்தான் தொண்டை கட்டும்?"

அவர் தறியை இன்னும் வேகமாக மிதித்தார்.

மறுநாள் முற்பகலில் அவர் தறிக்குழியில் கால்களைத் தொங்கவிட்டு நெய்துகொண்டிருந்தார். உருண்டு விழுந்த நூல்கண்டை எடுக்க ஆவுடை குழிக்குள் இறங்கியிருந்தாள். அது அவருக்குத் தெரியாது. அவர் காலால் அழுத்தும் மிதி கீழே வந்தது. மறுபடி வந்தது. தறி ஒரே சீராக ஓடியது. உலகம்மை கிணற்றடியில் இருந்தாள். வீட்டில் தறியின் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை.

அப்போது அந்த ஆட்டுக்காரப் பெண் மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே! உங்க பிள்ளை பாறைக்குள்ள கிடந்து கத்துது. 'அப்பா, காலு, அப்பா, காலு'ன்னு. சுத்திச் சுத்திப் பாத்துட்டேன், ஆளைக் காணோம்!"

வீரபாகுவின் கை நின்றது. அவர் குனிந்து பார்த்தார். குழிக்குள், மிதியின் அடியில், அவருடைய மகள் வாயை முழுதாகத் திறந்து வைத்திருந்தாள். கன்னத்தில் கண்ணீர் ஓடியது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வாயிலிருந்து எதுவும் வரவில்லை.

அவர் காலைத் தூக்கினார். தூரத்தில் பாறை அழுவதை நிறுத்தியது.

கால் ஒடியவில்லை. இரண்டு விரல் நகங்கள் கறுத்திருந்தன. மஞ்சள் பற்றுப் போட்டு, பழந்துணியைச் சுற்றி, குழந்தையை வீட்டு வேலியோரம் வேப்பமர நிழலில் உட்கார வைத்தாள் உலகம்மை. "நாளைக்குக் காலையில நாம பாறைக்குப் போவோம்" என்றாள். ஆவுடை தலையாட்டினாள். பேசுவதை அவளே விட்டுவிட்டாள்.

உலகம்மை உள்ளே போனதும் பாறைப் பக்கத்து ஓணான் வேலியோடு வந்து மரத்தில் ஏறியது.

"கால் எப்படி இருக்கு மகாராணி?"

ஆவுடையின் உதடுகள் அசைந்தன.

"உன் வாயைப் பாத்தே புரியுது. மெதுவாச் சொல்லு. என்ன? நான் ஏன் தலையாட்டுறேனா? எண்ணுறேன். நானும்தானே தினமும் அங்க உக்காந்து உன் சித்தி பாடத்தைக் கேட்டேன். நீ அஞ்சோட ஓடுவே. நான் எட்டும் எண்ணிட்டுத்தான் எறும்பு பிடிக்கவே போவேன்."

ஆவுடை தன் கையைக் காட்டினாள், பிறகு அதன் தலையைக் காட்டினாள்.

"உன்கிட்டே எடுத்ததை என்கிட்டே ஏன் எடுக்கலைன்னு கேக்கியா?" ஓணான் சற்று யோசித்தது. "நான் எண்ணுறப்போ சத்தமே இல்லையே. அது கேட்டுத்தான் எடுக்கும். கேக்காததை எப்படி எடுக்கும்?"

ஆவுடை நெடுநேரம் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுண்டுவிரலைத் தொடையில் வைத்தாள். வைக்கும்போது சத்தம் வரவில்லை. அடுத்த விரலை வைத்தாள். அடுத்ததை வைத்தாள்.

"ஏன் சுண்டுவிரல்லேருந்து?"

அவள் உதட்டைப் படித்துவிட்டு ஓணான் சிரித்தது. "அதுவா? சரிதான். அதைத்தான் எவரும் கண்டுக்க மாட்டாங்க."

காலையில் வீரபாகுவும் கிளம்பினார். உலகம்மை தடுத்தாள்.

"கொடுத்தது நான் அத்தான். நீங்க வந்தா, கேக்கதுக்கு அதுக்கு இன்னொரு ஆள் கிடைச்ச மாதிரி. இங்கேயே நெய்துக்கிட்டு இருங்க."

"அது பிள்ளையைத் திருப்பித் தரலைன்னா?"

"பிள்ளை என் இடுப்புலதான் இருக்கு. சத்தத்தைத்தான் கேக்கப் போறேன்."

பாறை நிழலில் பாயை விரித்தாள். ஆவுடையை இறக்கி உட்கார வைத்தாள். வேலியில் ஓணான் வந்து ஒட்டிக்கொண்டது. வெயில் இருந்தது, ஆனால் பாறை நிழல் முடிந்த இடத்துக்கு அப்பாலும் ஒரு முழம் தரையில் வெயில் விழாமல் இருந்தது. நிழல் விழ அங்கே எதுவும் இல்லை.

உலகம்மை வெடிப்பைப் பார்த்துப் பேசினாள்.

"கண்ணை மூடிக்கிட்டுக் கொடுத்தது என் தப்பு. கொடுத்தது கொடுத்ததுதான். நீயும் என் பிள்ளை. உனக்கு என்ன வேணும்?"

உள்ளேயிருந்து ஆவுடையின் குரல் வந்தது. "எனக்கு."

"உனக்குத்தான் கேக்கேன். உனக்கு என்ன?"

"குடு."

"இடம் தரேன். தாளத்துல உனக்குன்னு இடம் தரேன். எத்தனை வேணும்?"

"ரொம்ப."

"ரொம்பல்லாம் முடியாது. ரெண்டு."

வெடிப்பின் ஓரத்திலிருந்து மணல் உதிர்ந்தது. பிறகு, "சித்தி" என்றது.

உலகம்மை பக்கத்தில் இருந்த குழந்தையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அப்படிக் கூப்பிட்டாலும் ரெண்டுதான். அந்த ரெண்டு இடத்துல இனி எந்தக் கையும் சத்தம் போடாது. கையைத் திருப்பி உள்ளங்கையைக் காட்டுவோம், நாங்க எதையும் ஒளிச்சு வைக்கலைன்னு. நீ உள்ளேயிருந்து தட்டிக்கோ. அதுக்குப் பதிலா பிள்ளையோட வாயைத் தொடக்கூடாது. கையிலேருந்து எடுத்ததையும் விட்டுடணும்."

"கொஞ்சம்" என்றது பாறை. அதிருப்தியாகச் சொன்னதா, ஒப்புக்கொண்டதா என்று சொல்ல முடியவில்லை. பிறகு, "குடு" என்றது.

"ஆவுடை, தட்டு" என்றாள் உலகம்மை. எந்த இடத்தைக் கொடுப்பது என்று கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டாள்.

முதல் தட்டு கேட்டது.

இரண்டாவது இல்லை. மூன்றாவது இல்லை. நான்காவதும் இல்லை. பாறையிலிருந்தும் எதுவும் வரவில்லை. ஏதோ ஒன்று காது கொடுத்துத் தேடுவதுபோல அந்தப் பக்கம் அத்தனை அமைதியாக இருந்தது. எல்லாம் போய்விட்டது என்று அவள் நினைத்த நொடியில், ஐந்தாவது தட்டு, விழ வேண்டிய இடத்தில் மயிரிழை பிசகாமல் விழுந்தது.

அவள் கண்ணைத் திறந்தாள். கற்றுக்கொடுக்கத் தொடங்கியதிலிருந்து பாடத்தின் நடுவில் அவள் கண் திறந்தது அதுவே முதல் தடவை. குழந்தையின் உள்ளங்கை தொடைமேல் விழுந்திருந்ததையும், சுண்டுவிரலிலிருந்து மூன்று விரல்கள் மட்டும் இன்னும் எண்ணுவதுபோல அழுந்தியிருந்ததையும் பார்த்தாள். அந்த மூன்றும் எங்கே போயின என்று புரிந்தது. பாறைக்குப் புரியவில்லை.

பாறைக்குச் சொன்ன இரண்டு இடத்தை இனி மிச்சமிருக்கும் மூன்றில்தான் கொடுக்க வேண்டும். ஆவுடையின் கை ஆறாவதுக்காக உயர்ந்தது. பழகிய கை. உள்ளங்கை கீழே பார்த்தபடி தட்டத்தான் வந்தது. உலகம்மை வாயைத் திறப்பதற்குள் வேலியிலிருந்து ஓணான் கத்திற்று.

"திருப்பு! கையைத் திருப்பு!"

கை திரும்பியது. உள்ளங்கை வானத்தைப் பார்த்தது. ஓணான் கத்தியது பாறைக்குக் கொடுத்த அந்த இடத்துக்குள் விழுந்தது. பிள்ளையின் வாயைத் தொடக்கூடாது என்று பேச்சு இருந்தது. ஓணானைப் பற்றி யாரும் எதுவும் பேசி வைக்கவில்லை. பாறைக்குள் ஒரு தட்டு கேட்டது. அதன் பின்னால், ஆழத்தில், "திருப்பு, திருப்பு" என்று ஓணானின் குரல் போய்க்கொண்டே இருந்து தேய்ந்தது.

ஏழாவது தட்டு விழுந்தது. எட்டாவதுக்குக் கை தானாகவே திரும்பியது.

ஆவுடை தும்மினாள். தும்மல் கேட்டது. அவள் திடுக்கிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"சித்தி, எனக்குக் கேக்குது."

"எனக்கும் கேக்குது."

"எட்டும் எண்ணிட்டேன் சித்தி. மூணை ஒளிச்சு வச்சேன்."

"மெதுவாப் பேசு" என்றாள் உலகம்மை.

ஆவுடை வேலியைத் திரும்பிப் பார்த்தாள். "நான் நல்லாப் பண்ணினேனா?" என்று கேட்டாள். ஓணான் வாயைத் திறந்தது. தொண்டைப்பை விரிந்து சுருங்கியது. ஒன்றும் வரவில்லை. அது சிறிது நேரம் அவளையே பார்த்துவிட்டுத் தலையை ஆட்டியது. ஆட்டிக்கொண்டேயிருந்தது.

"பேசு" என்றாள் ஆவுடை. "ஏதாவது கிண்டல் பண்ணு."

அது தலையாட்டியது. அவள் வாய்விட்டு எண்ணிப் பார்த்தாள். எட்டு எண்ணியதும் ஒரு கணம் நின்று, மறுபடி தொடங்கியது. அவளுக்கு அழுகை வந்தது. அந்த அழுகையும் கேட்டது.

ஓணான் பேசாமல் தலையை மட்டும் ஆட்டுவது அந்த நாளிலிருந்துதான். தாளத்தின் எட்டு எண்ணிக்கையில் மூன்று மட்டும் ஓசையோடு விழுவதும் அந்தக் காலையில் தொடங்கியதே. ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரலிலிருந்து மூன்று விரல்கள், பாறைக்குத் தெரியாமல், பிறகு ஒரு தட்டு, கையைத் திருப்பி ஒரு வீச்சு, மறுபடி ஒரு தட்டு, ஒரு வீச்சு. ஏன் திருப்புகிறோம் என்று இப்போது எந்தக் குழந்தையும் கேட்பதில்லை. கற்றுக்கொடுப்பவர்களும் சொல்வதில்லை. திருப்பிய கையில் தட்டாதே என்று மட்டும் சொல்வார்கள்.

அன்றைய பாடத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. உலகம்மை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, குழந்தையின் கையைப் பார்த்தபடி எட்டையும் பத்து முறை போடச் சொன்னாள். பத்தும் பிசகவில்லை. புதுக் கருப்பட்டியை அவள் எடுத்து வந்திருந்தாள். ஆவுடையின் முகத்தைப் பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நேராக வாயில் ஊட்டினாள். அது கரைந்து முடியும்வரை காத்திருந்தாள். பிறகு முதல் ஸ்வரத்தைச் சொல்லிக்கொடுத்தாள். எட்டு எண்ணிக்கையும் அந்த ஒரே ஸ்வரத்தில் நிற்க வேண்டும்.

"ஸ" என்று ஆவுடை பிடித்தாள். குரல் கொஞ்சம் நடுங்கி, பின் நின்றது. பாறை திருப்பிச் சொல்லவில்லை. தட்டு, மூன்று விரல், தட்டு, வீச்சு, தட்டு. ஊர்ப் பக்கமிருந்து தறியின் சத்தம் லேசாகக் கேட்டுக்கொண்டிருந்தது. எட்டாவதுக்குக் கையைத் திருப்பினாள். வெடிப்பை நோக்கி உள்ளங்கை சற்று நேரம் திறந்திருந்தது.

"போதும், இன்னைக்கு இவ்வளவுதான்" என்று உலகம்மை எழுந்து பாயை உதறினாள். வேலியில் ஓணான் தலையாட்டிக்கொண்டிருந்தது.

ஆவுடை தன் உள்ளங்கையைப் பார்த்தாள். அதை வாய்க்குக் கொண்டுபோய், நடுவில் வட்டமாக ஒட்டியிருந்த கருப்பட்டி ஈரத்தை ஒருமுறை நக்கிவிட்டு, சித்தியின் பின்னால் நொண்டியபடி நடந்தாள்.